எறும்பு மொய்க்காத சர்க்கரை

நாற்பத்து மூன்று வெள்ளி ஐம்பது காசு. பாலகிருஷ்ணன் அங்கமுத்துவுக்குத் தர வேண்டிய கடன் அவ்வளவு. ஏரோப்ளேன் ஓட்டிப் பழக மணிக்குப் பதினாலரை வெள்ளி. மூன்று மணி நேரத்துக்கு அந்தக் கணக்கு வரும்.

கடன் வாங்கியவன் செவ்வாய்க்கிழமை காலை தனியாக ஏறிப் பறந்து, சுங்கை மங்கிஸ் தோட்டத்து ரப்பர் மரங்களுக்குள் விழுந்து செத்தான். வயது இருபத்திரண்டு. கடன் கொடுத்தவன் அதே தோட்டத்துப் போலீஸ் சாவடியில் கம்பிக்குப் பின்னால் குந்தியிருந்தான். பெட்ரோலில் சர்க்கரையைப் போட்டு ஏரோப்ளேனைக் கவிழ்த்துவிட்டான் என்று அவன் மேல் கேஸ். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு லாரி வரும், ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் போகும். நாடு முழுக்க அவசரகாலச் சட்டம். அந்தச் சட்டத்தில் இந்த மாதிரிக் கேசுக்குத் தூக்குதான் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கமுத்துவுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மணி எட்டு.

ஜாசின் ரோட்டில் ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. பின் கேரியரில் குடையை மடியில் வைத்துக்கொண்டு துப்பறியும் தங்கையா உட்கார்ந்திருந்தார். மிதித்தது கோமளா. தங்கையா ஒன்பது வருஷம் போலீசில் மஃப்டி உடுப்பு வேலை பார்த்தவர். இடது முட்டியில் ஒரு குண்டு பாய்ந்தது. குண்டை எடுத்த கையோடு வேலையையும் எடுத்துவிட்டார்கள். கோமளா பன்னிரண்டு வருஷம் தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டியவள், இப்போது அவருக்கு உதவியாள். சம்பளம் பேசியது உண்டு, பார்த்தது இல்லை.

"அண்ணே, நீங்க கொஞ்சம் கம்மியாச் சாப்பிட்டா நான் கொஞ்சம் சீக்கிரமாத் துப்பறியலாம்."

"பேசாம மிதி."

"பேசினாத்தான் மிதிக்க வருது. எனக்கு வாய்க்கும் காலுக்கும் ஒரே செயின்லா."

"அப்படின்னா பிரயோசனமாப் பேசு. போலீஸ் கையில என்னென்ன இருக்கு?"

"மூணு இருக்கு. சனிக்கிழமை சம்பளத்தன்னிக்கு அங்கமுத்து அண்ணன் அந்தப் பையன்கிட்ட காசு கேட்டுச் சத்தம் போட்டிருக்காரு. பாதித் தோட்டம் கேட்டுச்சாம். அது ஒண்ணு. ஏரோப்ளேனுக்குப் பெட்ரோல் தூக்கிட்டுப் போறது அவரு வேல. அது ரெண்டு. பிடிச்சு விசாரிச்சப்ப அவரே வாயால சொல்லிட்டாரு, 'அவருக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்து போச்சு'ன்னு. அது மூணு."

"அந்த மூணாவதத்தான் இன்ஸ்பெக்டர் வாக்குமூலம்னு எழுதிட்டார்."

"அவரு டவுன்ல படிச்சவரு. கணக்குத் தீர்க்கிறதுன்னா அவருக்குக் கத்திக்குத்து. தோட்டத்துல அப்படிச் சொன்னா பாக்கி இல்லன்னு அர்த்தம்."

"பாக்கி இல்லன்னா காசு வந்திருக்கணுமே. ஒரு காசு வீட்டுக்கு வரலேன்னு வேலாயி சொல்றா. எப்படித் தீர்ந்துச்சுன்னு கேட்டா அங்கமுத்து வாயத் திறக்க மாட்டேங்கிறான்."

வேலாயி அங்கமுத்துவின் மனைவி, தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுப்பவள். நேற்று விடியற்காலையில் முதல் பஸ் பிடித்து ஜாசினுக்கு வந்து தங்கையாவின் மாடிப்படியில் உட்கார்ந்தவள் அவள்தான். அழவில்லை. "பன்னண்டு மணிக்குள்ள ஏதாச்சும் செய்யுங்கய்யா" என்று மட்டும் சொன்னாள். எதுவும் செய்ய முடியும் என்று தங்கையாவுக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அது ஒரு பாரமாகிவிட்டது.

பாலகிருஷ்ணன் ஓட்டிப் பழகிய பறக்கும் கிளப் என்றால் பெரிதாக எதுவும் நினைக்க வேண்டாம். ஒரு புல்வெளி, ஒரு அத்தாப்பு ஓலைக் கொட்டகை, இரண்டு மஞ்சள் ஏரோப்ளேன்கள். இப்போது ஒன்றுதான். பழக்கிக் கொடுக்கும் துரை விசாரணைக்காக மலாக்கா போயிருந்தார். கொட்டகையில் மெக்கானிக் தம்புசாமி மட்டும், தொட வேண்டிய வேலை எதையும் தொடாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"மூணு வாரமாச் சனியன் பிடிச்சிருக்குங்க" என்றான். "முதல்ல இருமிக்கிட்டே போயி ஒண்ணு வயல்ல இறங்குச்சு. சேத்தோட தப்பிச்சுது. அடுத்த வாரம் ஓடிப்போயி எழும்புற நேரத்துல மூச்சு நின்னு வேலியில இடிச்சுது. காத்தாடி போச்சு. மூணாவது..."

பாலகிருஷ்ணன் பெயரை அவன் சொல்லவில்லை.

"மூணு வாரத்துக்கு முந்தி எப்படி?"

"ஒரு வருஷமா ஒரு தும்மல்கூட இல்லீங்க."

"அங்கமுத்து எத்தன நாளாப் பெட்ரோல் தூக்குறான்?"

"அதே ஒரு வருஷமா."

தங்கையா குடையைத் தரையில் ஊன்றினார். "சண்டை போன சனிக்கிழமை. இன்ஜின் இரும ஆரம்பிச்சது மூணு வாரத்துக்கு முந்தி. கோவம் வர்றதுக்கு முந்தியே பழி வாங்கியிருக்கான்."

"இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னா அது ஒத்திகைன்னுவாரு" என்றாள் கோமளா.

சொல்வார். தங்கையாவுக்கும் அது தெரியும். "சர்க்கரை எங்க?" என்று கேட்டார்.

தம்புசாமி பட்டறைப் பலகையைக் காட்டினான். பழைய பேப்பரை விரித்து, அதன் மேல் விழுந்த ஏரோப்ளேனிலிருந்து கழற்றிய பெட்ரோல் வடிகட்டியை வைத்திருந்தான். சின்னக் கிண்ணம் அளவுக்கு இருந்தது. சல்லடைக் கண்ணெல்லாம் பழுப்பு நிறத்தில் பாகு மாதிரி ஏதோ அடைத்திருந்தது.

"பாதிய இன்ஸ்பெக்டர் சுரண்டிச் சீசாவுல எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. மிச்சம் செவ்வாய்க்கிழமையில இருந்து இங்கதான் கெடக்கு."

தங்கையா வடிகட்டியைப் பார்க்கவில்லை, அதன் பக்கத்தில் இருந்த டீ கிளாசைப் பார்த்தார். அடியில் ஒரு சொட்டு கட்டிப்பால் டீ. அதற்காக எங்கிருந்தோ ஒரு எறும்புச் சாரி வந்திருந்தது. சாரி பலகையில் ஏறி, பேப்பர் மேல் நடந்து, வடிகட்டியைச் சுற்றி வளைந்து, கிளாசுக்குள் இறங்கியது. ஒரு எறும்பு நின்று வடிகட்டியை மோந்து பார்த்துவிட்டு, வேலை இருக்கிறது என்கிற மாதிரி போய்விட்டது.

"கோமளா, என்னா தெரியுது?"

"எறும்புக்குச் சீனி கண்ட்ரோல் தெரிஞ்சிருக்கு. கூப்பன் இல்லாம தொடாது போல."

"மூணு நாளாச் சர்க்கரைப் பாகு திறந்து கெடக்கு. ஒரு எறும்பும் தொடல."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்தாள். பாகைக் கொஞ்சம் நகத்தால் கிள்ளினாள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினாள், அழுத்தினாள், விரல்களைப் பிரித்தாள். பழுப்பு நூல் ஒன்று ஒரு சாண் நீளத்துக்கு வந்தது. விட்டதும் சுருக்கென்று திரும்பிப் போய் ஒட்டிக்கொண்டது.

"அண்ணே, இது ஒட்டுப்பால்."

"நிச்சயமா?"

"பன்னண்டு வருஷம் இத நகத்துக்குள்ள இருந்து தோண்டி எடுத்தவ நான். காஞ்ச ரப்பர்ப் பால்தான்."

"பெட்ரோல்ல ரப்பர் எப்படிங்க வரும்?" என்றான் தம்புசாமி.

"சைக்கிள் ட்யூபு ஒட்டுறீங்களே, அந்தச் சொலுசன் எப்படி வருதாம்? பெட்ரோல்ல ஒட்டுப்பாலப் போட்டு ஒரு ராத்திரி ஊற விட்டாக் கஞ்சியாயிரும். எங்க லயத்துல பொடிசுங்கூடச் செய்யும்."

"நான் தோல் வச்சு வடிகட்டித்தான் ஊத்துறேன்."

"கட்டியாக் கெடந்தாத் தோலு பிடிக்கும். கரைஞ்சத எப்படிப் பிடிக்கும்? உள்ள போயி வடிகட்டியில கொஞ்சங் கொஞ்சமாப் படிஞ்சு காயும்."

தங்கையா மெதுவாகக் கேட்டார். "தம்பி, பெட்ரோல் இங்க எதுல வருது?"

"டின்னுல. நாலு காலன் டின்னு ரெண்டு..." சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். "இல்ல. அது முந்தி. இப்ப மூணு வாரமா வாளியில கொண்டாராரு. மூடி போட்ட வாளி ரெண்டு. பெட்ரோல் வந்துச்சா, சரின்னு வாங்கி ஊத்தினேன். ஏன்னு கேக்கல."

சைக்கிள் ஏறும்போது கோமளா தங்கையாவின் எடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

சுங்கை மங்கிஸ் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. இரண்டு வருஷத்துக்கு முன் போட்டது. காட்டுக்குள் இருக்கிற கொம்னிஸ்காரர்களுக்கு அரிசி போகக் கூடாது, சீனி போகக் கூடாது என்று வேலி, கேட்டு, கேட்டில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் போலீஸ். காலையில் மரம் வெட்டப் போகிறவர்களைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பெட்ரோல் டிரம்மைக்கூட ஏரோப்ளேன் கொட்டகையில் வைக்க அனுமதி இல்லை. வேலிக்குள், தோட்டத்து ஸ்டோரில்தான் வைக்க வேண்டும். அங்கமுத்து தினமும் அங்கிருந்து எடுத்து, சைக்கிளில் கட்டி, கேட்டைத் தாண்டி இரண்டு மைல் போக வேண்டும்.

வேலாயி வாசலில் நின்றாள். "தெரிஞ்சுதுங்களா?" என்றாள்.

"வாளியப் பாக்கணும்மா" என்றார் தங்கையா.

ரப்பர்ப் பால் வாளிகள் இரண்டும் தூணில் கவிழ்த்து மாட்டியிருந்தன. கோமளா ஒன்றை எடுத்து உள்ளே பார்த்தாள். தங்கையாவிடம் காட்டினாள். பால் எடுக்கிற வாளிக்குள் எப்போதும் ஒரு தோல் படிந்திருக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது. கிழடான வாளி என்றால் விரற்கடை கனம்கூட இருக்கும். இந்த வாளிகளுக்கு வெளியே ஆறு வயசு, உள்ளே நேற்றுக் கடையில் வாங்கின பளபளப்பு.

"இத எத வச்சுத் தேய்க்கிறீங்க அக்கா?"

"தேய்க்கிறதே இல்ல தாயி" என்றாள் வேலாயி. "மூணு வாரமாத் தானாச் சுத்தமாகுது. மத்தியானம் பால ஊத்திட்டுக் கொண்டாந்து வைக்கிறேன். சாயந்தரம் அவரு எடுத்துக்கிட்டுப் போயிப் பெட்ரோல் பிடிச்சு, மூடி, கொல்லையில வைப்பாரு. ஸ்டோரு எட்டு மணிக்குத்தான் தொறப்பாங்க, ஏரோப்ளேனு ஏழுக்கே கெளம்பிரும். காலையில கொண்டுபோயி ஊத்திட்டு, பால் எடுக்கிற நேரத்துக்கு வாளியத் திருப்பிக் குடுத்துருவாரு. பாத்தா உள்ள கண்ணாடியா இருக்கும். மாரியாத்தா எனக்குன்னு ஒரு வேலயக் கொறச்சிருக்கான்னு நெனச்சேன்."

தினமும் பகலில் ஒரு தோல் புதிதாகப் படிந்திருக்கிறது. தினமும் ராத்திரி பெட்ரோல் அதைத் தின்றிருக்கிறது.

"டின்னு என்ன ஆச்சு?"

வேலாயி பலகைக் கட்டிலுக்கு அடியில் குனிந்து இரண்டு டின்களை இழுத்துப் போட்டாள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் இரண்டு வெட்டு, உள்பக்கமாக மடங்கி.

"கேட்டுல குத்தினதுய்யா. மூடின டின்னு எது வெளிய போனாலும் ஓட்ட போடணும்னு புது ஆர்டராம். உள்ள சாமான் வச்சுக் கடத்துறாங்களாம். பெட்ரோலு, மோந்து பாருங்கன்னு இவரு சொன்னாரு. ஆர்டர்னா ஆர்டர்னுட்டு அந்தத் தம்பி துப்பாக்கிக் கத்தியாலயே குத்திருச்சு. ரோடெல்லாம் பெட்ரோலு."

"கிளப்புல சொல்லலையா?"

"டின்னுக்கு மூணு மூணு வெள்ளி பிடிச்சிருவாங்களே. ஏரோப்ளேன் தம்பிக்குக் குடுத்த காசும் வரல. அதான் பால் வாளிய எடுத்தாரு. பால் வாளிய மட்டும் யாரும் குத்த மாட்டாங்கய்யா. குத்தினாத் தோட்டத்துக்குப் பால் வராது. தொரை விடுவாரா?"

கோமளா வாளியைக் கீழே வைத்தாள். வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தாள்.

"சர்க்கரை போடலேன்னு தெரிஞ்சுச்சுல்ல?" என்றாள் வேலாயி. "அப்ப விட்டுருவாங்கல்ல?"

சர்க்கரை போடவில்லை என்று சொல்லலாம். அதற்குப் பதில் என்ன போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்த வாளி என்றும் சொல்லியாக வேண்டும். வேறு வழி இருக்கிறதா என்று தங்கையா தன் மனசுக்குள் எல்லாப் பக்கமும் போய்ப் பார்த்தார். இல்லை.

"டின்னையும் வாளியையும் எடுத்துக்க" என்று கோமளாவிடம் சொன்னார். வேலாயி பின்னாலேயே வந்தாள்.

சாவடியில் இருந்த இன்ஸ்பெக்டர் காளிதாஸ் கெட்டவர் இல்லை. மலாக்கா டவுனில் பிறந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தங்கையா சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். மேஜை டிராயரிலிருந்து சீசாவை எடுத்து, உள்ளே இருந்ததைக் கிள்ளி, கோமளா காட்டிய மாதிரி இழுத்துப் பார்த்தார். நூல் வந்தது. இன்னொரு தடவை இழுத்தார். கைக்குட்டையால் விரலைத் துடைக்கப் பார்த்தார், போகவில்லை.

"மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ங்க சார்" என்றாள் கோமளா. "தோட்டத்து ஆளுங்க அப்படித்தான்."

"சரி" என்றார் காளிதாஸ். "நாசவேலை இல்லை. கோலாலம்பூர் கேஸ் வேண்டாம். இயந்திரம் அடைச்சுக்கிட்டதால விபத்துன்னு எழுதிடுறேன்."

வாசலில் நின்ற வேலாயி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தங்கையாவுக்கு முட்டியில் இருந்த வலிகூட ஒரு நிமிஷம் தெரியவில்லை.

"ஆனா டின்னு வேண்டாம்" என்றார் காளிதாஸ்.

"சார்?"

"ஓட்டை போடச் சொன்ன ஆர்டர்ல கையெழுத்து என்னுது." ஒரு காலால் டின்களை மேஜைக்கு அடியில் தள்ளினார். "அரிசி போகக் கூடாதுன்னு போட்டேன். பெட்ரோல் டின்ன நான் நினைக்கல."

"டின்னு இல்லாம, பெட்ரோல் ஏன் பால் வாளியில போச்சுன்னு எப்படி எழுதுவீங்க?"

"அனுமதி இல்லாத பாத்திரத்துல பெட்ரோல வேலிக்கு வெளிய கொண்டு போனான். அது ஒரு குத்தம்தான்."

"அதுக்கு என்ன?"

"நாடு கடத்தல்." காளிதாஸ் தங்கையாவைப் பார்க்காமல் சொன்னார். "அது நான் செய்யிறது இல்ல. தூக்கு இல்லேன்னா நாடு கடத்தல்னு பிடிச்ச அன்னிக்கே மேலிடத்துல கையெழுத்தாயிட்டுது. இந்தச் சின்னக் குத்தத்துக்குக் கேஸ் இருந்தாலும் போகணும், இல்லாட்டியும் போகணும். லாரி அதே லாரிதான். கோலாலம்பூருக்குப் பதிலா கப்பல் ஏத்துற கேம்ப்புக்குப் போகும். தூக்குக்கு இது எவ்வளவோ மேல், தங்கையா."

"ஆறு வயசுல வந்தவன் சார் அவன். இந்தியாவுல அவனுக்கு யாரு இருக்கா? எந்த ஊருன்னு இறக்கி விடுவீங்க?"

"அதத் திருப்புற பேனா என் பாக்கெட்டுல இல்ல."

"ஓட்டை போடுற பேனா மட்டும் இருக்கு" என்றாள் கோமளா.

காளிதாஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மேலும் பேசியிருக்கலாம். அவர் சீசாவை மூடி டிராயருக்குள் வைத்தார். மணி பதினொன்றரை.

தங்கையா கம்பிக்குப் பக்கத்தில் போனார். அங்கமுத்து எழுந்து நின்றான். நாலு நாள் தாடி. உதட்டில் ஒரு காயம், அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"தூக்கு இல்ல அங்கமுத்து. அது போச்சு."

"சர்க்கரை இல்லன்னு நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்க. வடிகட்டியில இருந்தது ரப்பர்."

"ரப்பரா? ஏரோப்ளேனுக்குள்ள ரப்பரு எப்படி..."

நிறுத்திவிட்டான். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தோட்டத்திலேயே வளர்ந்தவன். கண் மெதுவாக மேஜைப் பக்கம் போனது. அங்கே கோமளாவின் காலடியில் வாளி இருந்தது.

"வாளியா?"

தங்கையா பொய் சொல்லலாம் என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் அங்கமுத்து கம்பியைப் பிடித்தபடி குந்திவிட்டான். நாடு கடத்தல் பற்றி அப்புறம்தான் சொன்னார். அவன் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. தோட்டத்துக் கிராணி ராமையா வந்தார். ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், தினமும் பால் கொட்டகையில் நின்று ஒவ்வொருத்தர் பாலையும் நிறுத்து வாங்குகிறவர், பாலகிருஷ்ணனின் அப்பா. மொட்டையடித்த தலை. கையில் சம்பளக் கவர் ஒன்று. யாரையும் பார்க்காமல் நேரே கம்பிக்குப் போனார்.

"அங்கமுத்து. நீ செஞ்சியோ இல்லையோ, அது போலீஸ் பாடு. என் மகன் கடனோட போகக் கூடாது. பதினாறாம் நாள் யாருக்கும் பாக்கி இல்லன்னு நான் சொல்லணும். இதுல நாப்பத்து மூணு அம்பது இருக்கு. எண்ணிக்க."

கவர் மேல் பென்சிலால், அவருடைய அழகான கையெழுத்தில், 'அங்கமுத்து – 43.50' என்று எழுதியிருந்தது.

"அது தீர்ந்து போச்சுங்க கிராணி ஐயா."

"எப்படித் தீரும்? அவன்கிட்ட ஏது காசு? பறக்கிறதுக்கு ஒரு காசு தர மாட்டேன்னு சொன்னவனே நான்தான்."

அங்கமுத்து இன்ஸ்பெக்டரை ஒரு தடவை பார்த்தான்.

"இனிமே தம்பிய யாரும் கிளப்ப விட்டுத் தள்ள முடியாதுல்லங்கய்யா. சொல்றேன். சனிக்கெழம நான் சத்தம் போட்டது நெசம். மறுநாள் ஞாயித்துக்கெழம. பழக்கித் தர்ற தொரை கோயிலுக்குப் போயிருந்தாரு. தம்பி வந்து, வா அண்ணேன்னு என்னய முன் சீட்டுல ஒக்கார வச்சு வார இறுக்கினாரு. ஆளேத்தப் பர்மிட்டு கெடையாது அவருக்கு. யார்கிட்டயும் சொல்லிராதன்னாரு. ஒரே ஒரு சுத்து. நம்ம தோட்டத்த மேல இருந்து பாத்தேன். முப்பது வருசமா நடக்குற மர நெரை எல்லாம் சீப்பு வச்சு வாரின தல மாதிரி இருந்துச்சு. வேலாயி வாசல்ல துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா, இத்தினியூண்டு. வேலி தெரியவே இல்லீங்கய்யா. எம்புட்டுத் தேடியும் தெரியல. எறங்குனதும் நான்தான் சொன்னேன், தம்பி, கணக்குத் தீர்ந்து போச்சுன்னு."

மேஜையில் எழுதிக்கொண்டிருந்த காளிதாசின் பேனா நின்றுவிட்டது.

"பயப்பட்டானா?" என்று கேட்டார் ராமையா.

"நான் பயந்தேன். அவரு பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டினாரு."

ராமையா தலையை ஆட்டினார். கவரை மடிக்கப் போனார்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்கய்யா" என்றான் அங்கமுத்து. கோமளா வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவன் பார்க்கவில்லை, பார்த்தாலும் நிறுத்தியிருக்க மாட்டான். "மூணு வாரமாப் பெட்ரோல் போனது எங்க வீட்டுப் பால் வாளியில. அதுல ஒட்டியிருந்த ரப்பருதான் இன்ஜின அடைச்சுச்சாம். எனக்கு இப்பத்தான் தெரியும். ஆனாத் தெரிஞ்சுக்கிட்டு ஒங்க முகத்தப் பாத்து மறைக்க முடியல."

ரோட்டு முனையில் லாரி திரும்பும் சத்தம் கேட்டது.

"மூணு வாரமா" என்றார் ராமையா.

"ஆமாங்கய்யா."

"மூணு வாரமா வேலாயி பால்ல பெட்ரோல் வாடை." அவர் அங்கமுத்துவிடம் பேசவில்லை, கம்பியிடம் பேசினார். "தெனமும் நிறுக்கிறப்ப மோந்தேன். வாளிய ஒழுங்காக் கழுவிட்டு வான்னு திட்டினேன். ஏன் வாடைன்னு ஒரு வார்த்த கேக்கல. சம்பளத்துல காசு பிடிச்சுக்கிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டேன். மூணு வாரமும்."

வேலாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ராமையா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். கவரைச் சுவரில் வைத்து, 43.50 என்பதன் மேல் ஒரு கோடு போட்டார். கோடு நேராக வரவில்லை. கீழே 'தீர்ந்தது' என்று எழுதினார்.

"கைநாட்டு வையி. கேட்டாக் காட்டணும்."

காளிதாஸ் எழுந்து வந்து மை டப்பாவைக் கம்பிக்குள் நீட்டினார். அங்கமுத்து பெருவிரலைத் தோய்த்துக் கவர் மேல் அழுத்தினான். ராமையா மை காயும் வரைக்கும் ஊதினார். பிறகு காசோடு சேர்த்துக் கவரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வந்த மாதிரியே யாரையும் பார்க்காமல் போனார்.

கோமளா அங்கமுத்துவின் விரலைத் துடைக்க ஒரு துணி தேடினாள். அதற்குள் லாரிக்காரன் ஹாரன் அடித்துவிட்டான்.